கேத்திலில் பிடித்த வெள்ளை

என்னோடு மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கியவர்களில் என் வயதுக்காரர் யாராவது இதை வாசிக்கிறீர்களா? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கனகராயன்குளத்துக்கு அப்பால் காட்டை வெட்டி, கொட்டில் போட்டுக் குடியேறிய அந்த முதல் வருடம், உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் உள்ளே வெள்ளை பிடித்ததா? கட்டாயம் பிடித்திருக்கும். அதைப் பார்த்து உங்கள் அம்மா யாரைச் சந்தேகப்பட்டார்?

எங்கள் அம்மா சந்தேகப்பட்டது கிணற்று வீட்டம்மாவை. போன மாதம் ஒருவர் என் வீட்டுக்கு வந்து அந்த வெள்ளைக்கு ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது என்று சொல்லித் தந்தார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது வைகாசியில். மழை இல்லை. அப்பாவுக்குக் கிடைத்த காணியில் முள்ளும் பாலை மரங்களும் தவிர ஒன்றும் இல்லை. கிணறு வெட்ட வசதியும் இல்லை. கிட்டத்தில் இருந்த ஒரே நல்ல கிணறு, எங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்த ஒரு குடும்பத்தினுடையது. கல் கட்டிய கிணறு. கப்பி உருளும் சத்தம் எங்கள் கொட்டில் வரை கேட்கும். அந்த வீட்டில் மூன்று பேர்: கிணற்று வீட்டம்மா, ஐயா, என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு மகள்.

தண்ணீர் தரமாட்டோம் என்று அவர்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்களை அள்ள விடமாட்டார்கள். நாங்கள் கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அம்மாவும் நானும் போய் நின்றால், கிணற்று வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வருவார். அவரே அள்ளுவார். அவரே ஊற்றுவார். வாளி எங்கள் குடத்தின் வாயில் படாமல் உயர்த்திப் பிடித்து ஊற்றுவார். பாதித் தண்ணீர் என் காலில்தான் விழும். வெயிலில் அது சுகமாகத்தான் இருந்தது.

"வாளிய நாம தொட்டா என்னாவாம்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"அவுங்க வாளி, அவுங்க ஊத்துறாங்க. பெரிய மனசு," என்றார் அப்பா. அப்பா எல்லாரையும் நம்புகிற ஆள். தோட்டத்தில் துரை சொன்னதையும் நம்பினார், லொறிக்காரன் சொன்னதையும் நம்பினார். வீட்டுக்குத் தேவையான சந்தேகம் முழுவதையும் அம்மா தனியாகச் சுமந்தார்.

முதலில் கெட்டது தேநீர். நாம் யார்? தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்த சனம். சாயத்தண்ணி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மலையில் கோப்பையின் அடி தெரியும். இங்கே ஊற்றியது சேற்றுக் கறுப்பாக இருந்தது. ஆறினால் மேலே எண்ணெய் போல ஒரு ஆடை. கடைக்காரன் கழிவுத் தூளை ஏமாற்றித் தந்துவிட்டான் என்றார் அப்பா. அம்மா மலையிலிருந்து சீலையில் முடிந்துகொண்டு வந்த கடைசித் தூளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே கறுத்தது. அம்மா கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது சவர்க்காரம். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வரவில்லை. என் தலைமுடி கயிறு மாதிரித் திரண்டது. பிறகு பருப்பு. காலையில் அடுப்பில் வைத்தால் மத்தியானமும் பல்லில் கடிபட்டது. அம்மா ஒவ்வொன்றையும் சொல்லாமல் மனதில் சேர்த்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் கேத்தில். அது தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவிலிருந்து கொண்டு வந்த அலுமினியக் கேத்தில். அடி கரி பிடித்துக் கறுப்பு, உள்ளே மட்டும் பளபளவென்று இருக்கும். கைபிடி உடைந்து அப்பா கம்பி சுற்றியிருந்தார். கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியபோது அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் இந்தக் கேத்திலையும்தான் தூக்கினார். ஒரு நாள் அதைக் கழுவக் கவிழ்த்தபோது உள்ளே சுற்றிவர வெள்ளை. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் செதிள் செதிளாகக் கழன்றது. வாயில் வைத்தால் ருசி இல்லை, நறநறவென்று மணல் மாதிரி இருந்தது. வாயில் வைத்துப் பார்த்தது நான். அதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

"போட்டிருக்காங்க," என்றார் அம்மா.

"என்னாத்த?" என்றார் அப்பா.

"மருந்து. நம்ம கண் முன்னாலயே போட்டிருக்காங்க. நம்மள எதுக்கு அள்ள விடமாட்டேங்கிறாங்க? இதுக்குத்தான்."

யோசித்துப் பாருங்கள். மலையில் நமக்குத் தண்ணீர் பீலியில் வந்தது. மேலே பாறையில் ஊறி, மூங்கிலில் ஓடி, நேரே குடத்தில் விழுந்தது. இடையில் ஒரு மனிதரும் இல்லை. எத்தனை வருடம் கொதிக்க வைத்தும் அது கேத்திலில் எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை. இங்கே தண்ணீர் ஒருவருடைய கையால் வருகிறது. அந்தக் கையை அல்லாமல் வேறு எதைச் சந்தேகிப்பது?

அதிலிருந்து நான் உளவாளி. கிணற்று வீட்டம்மாவின் கையைப் பார்க்க வேண்டும், இடுப்பில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாய் முணுமுணுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கண் இமைக்காமல் பார்த்தேன். அவரின் கையில் ஒன்றும் இல்லை. இடுப்பில் வெற்றிலைச் சரைதான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்களுக்கு ஊற்றி முடித்ததும் அவர் வாளியை அப்படியே கிணற்றுக்குள் விடுவதில்லை. வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைத்து, உள்ளும் வெளியும் அலசி, அந்தத் தண்ணீரைத் தூர வீசிவிட்டுத்தான் அடுத்த வாளிக்குக் கயிற்றை விடுவார்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் வெற்றி பெற்ற முகமாக மாறியது.

"பாத்தீங்களா? வாளில ஒட்டுன மருந்த கழுவுறாங்க. அவுங்க குடிக்கிற தண்ணில சேந்துடக் கூடாதுல்ல?"

அம்மா அந்தத் தண்ணீரைக் கோழிக்கு வைத்துப் பார்த்தார். கோழி குடித்துவிட்டு, ஒன்றும் நடவாதது போலக் குப்பையைக் கிளறப் போய்விட்டது. கோழிக்கு ஏறாத மருந்தும் இருக்கிறது என்றார் அம்மா.

பிறகு வெள்ளையைச் சுரண்டி நெருப்புப் பெட்டியில் போட்டு, புளியங்குளத்தில் ஒரு பூசாரியிடம் அப்பாவை அனுப்பினார். பூசாரி அதை மணந்து பார்த்தாராம், உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினாராம். "கெட்டது" என்றாராம். ஒரு கறுப்பு நூலை ஓதித் தந்தார். தம்பியின் இடுப்பில் அதைக் கட்டினார்கள். அப்பாவே நம்பத் தொடங்கிவிட்டார் என்றால் பாருங்களேன்.

அன்றைக்கே அம்மா அந்தக் கேத்திலைக் காட்டுக்குள் கொண்டுபோய் வீசினார். நான் அழுதேன். மலையிலிருந்து எங்களோடு வந்த பொருள்களில் அதற்குத்தான் மலையின் சத்தம் இருந்தது. கொதிக்கும்போது மூடி துடிக்கிற சத்தம். அதற்குப் பிறகு எத்தனை கேத்தில் வாங்கிவிட்டேன், ஒன்றும் அப்படித் துடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து கிணற்றுக்குப் போவதை நிறுத்தினோம். குளத்திலிருந்து வயலுக்கு ஓடும் வாய்க்காலில் அள்ளினோம். தண்ணீர் வற்றி, தேங்கி, மாடுகள் இறங்கி எழும்பும் வாய்க்கால். ஆனால் அதில் சவர்க்காரம் கொஞ்சம் நுரைத்தது, பருப்பும் கொஞ்சம் வெந்தது. "இது சுத்தமான தண்ணி, யாரு கையும் படாத தண்ணி," என்றார் அம்மா. இரண்டு கிழமைக்குள் தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்தது.

தம்பிக்கு அப்போது நடை கூடச் சரியாக வரவில்லை. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழக் கூடத் தெம்பில்லை. நாக்கு காய்ந்து உதடு ஒட்டியது. அப்பா மரம் தறிக்கப் போயிருந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வாகனம் இருந்த வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். கிணற்று வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அம்மா கத்திய கத்து இப்போதும் காதில் இருக்கிறது.

"அம்மா! நீங்க போட்டத எடுத்துருங்கம்மா! எங்கள என்னா வேணும்னாலும் செய்யிங்க, புள்ளய விட்டுருங்க!"

கிணற்று வீட்டம்மா ஓடி வந்தார். படலையைத் திறந்து தம்பியை அம்மாவின் கையிலிருந்து பறித்தார். அவருடைய வெள்ளைச் சீலை முழுக்க நாறியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"என்னடி கதைக்கிறாய்? பிள்ளை காஞ்சுபோய்க் கிடக்குது. எங்க தண்ணி அள்ளினனீங்கள்?"

அம்மா அப்படியே மண்ணில் விழுந்தார். நான்தான், "வாய்க்கால்ல," என்றேன்.

"கிணத்தில தண்ணி இருக்க வாய்க்காலில ஏன் அள்ளினனீங்கள்? நான் எப்பவாவது இல்லையெண்டு சொன்னனானே?" என்னைப் பார்த்தார். "இஞ்ச பிள்ளை, குசினிக்குள்ள கேத்தில் இருக்கு. கொதிச்சாறின தண்ணி. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா. உப்பும் சீனியும் பக்கத்தில இருக்கு."

நான் குசினி வாசலில் நின்றுவிட்டேன். அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டி நான் போனதே இல்லை.

"ஏன் நிக்கிறாய்? போடி உள்ள!"

போனேன். இருட்டுக் குசினி, மல்லியும் மிளகாயும் மணத்தது. கேத்தில் கனத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை. எங்கள் கேத்திலில் பிடித்ததுபோல அல்ல, மூன்று நான்கு மடங்கு, சுண்ணாம்பு பூசிய சுவர் போலத் தடித்த வெள்ளை. வாய்க்குழாயின் துளை கூடச் சிறுத்துப் போயிருந்தது.

அவர் தம்பியை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். பிறகு பிள்ளையைக் கழுவ வேண்டும் என்றார். அவருடைய கையில் தம்பி, அம்மா மண்ணில் விழுந்து கிடக்கிறார். வேறு ஆள் இல்லை.

"ஓடிப்போய் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வா."

"நானா?"

"நீதான். கெதியா!"

அப்படித்தான் நான் அந்தக் கிணற்றில் முதல் தடவையும் கடைசித் தடவையும் தண்ணீர் அள்ளினேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. வாளி கல்லில் மோதி மோதி வந்தது. என் முகம் தண்ணீரில் ஆடியது. அவ்வளவு பயத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. ஒரு வாளி கேட்டவருக்கு மூன்று வாளி அள்ளிக் கொடுத்தேன்.

ஐயா வயலிலிருந்து உழவு மெசினைக் கொண்டு வந்து, பின்னால் பூட்டிய பெட்டியில் எங்களை ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று டொக்டர் சொன்னார். அம்மாவும் தம்பியும் அங்கே தங்க, அப்பாவும் நானும் திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை மெசின் சத்தம் கேட்டு எழும்பினேன். கிணற்று வீட்டில் தண்ணீர் இறைக்கிற மெசினைப் பூட்டிக் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வறட்சியில், சொட்டு மிச்சமில்லாமல், அடிச் சேறு வரை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தார்.

"பாத்தியா தாயி? தண்ணியாலதான் நம்ம புள்ளைக்கு வருத்தம்னு கெணத்தையே எறைக்கிறாங்க. நமக்காக. இந்த மனுசங்கள போயி நாம சந்தேகப்பட்டோமே!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். இறைக்கிற தண்ணீர் முற்றத்தில் தேங்காமல் வாழைகளுக்குப் போக, தானே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து தொடங்கி, நூல் பிடித்தது போல நேராக வெட்டினார். ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டு மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர்களின் கேத்திலில் நான் கண்ட வெள்ளையைச் சொன்னேன். அம்மா யோசித்தார்.

"அப்ப அவுங்களுக்கும் யாரோ போட்டிருக்காங்க," என்றார்.

சிரிக்காதீர்கள். அம்மா அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் கிணற்று வீட்டம்மாவைக் கோயிலில் கும்பிடுவது போலக் கும்பிட்டார். கிணறு மறுபடி ஊறியதும் நாங்களும் மறுபடி கட்டுக்கு வெளியே போய் நின்றோம். அவர் மறுபடி உயர்த்திப் பிடித்து ஊற்றினார். வாளியை அலசினார். நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், உளவு வேலை முடிந்துவிட்டதே!

அதற்குப் பிறகு மழை வந்தது, அப்பா எங்களுக்கென்று ஒரு கிணறு வெட்டினார், பிறகு சண்டை வந்து எல்லாருடைய கிணறும் போனது. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அப்பா மட்டும் சாகும் வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கலியாணத்தில் சொன்னார், அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்று சொன்னார். "நம்ம புள்ளைக்காக ஒரு கெணத்தையே எறைச்சாங்க. அந்தக் காலத்து மனுசங்க!" தம்பி இப்போது பரந்தனில் கடை வைத்திருக்கிறான். அவனும் தன் பிள்ளைகளிடம் அதையே சொல்கிறான். தனக்காகக் கிணறு இறைக்கப்பட்டவன் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

போன மாதம் வந்தவர் அந்தக் கிணற்று வீட்டு மகள்தான். லண்டனில் இருக்கிறார், காணி பார்க்க வந்தவர் என்னை விசாரித்துத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் கரண்ட் கேத்திலில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். இப்போது குடிப்பதற்கு வடிகட்டின தண்ணீர் பிளாஸ்டிக் கானில் வருகிறது. சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து எங்கள் ஊரே தண்ணீரைச் சந்தேகப்படுகிறது, அம்மா இருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். தேநீருக்கு மட்டும் நான் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான். அவர் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, என்ன லைம்ஸ்கேல்! லண்டனிலயும் இதே கரைச்சல்தான்."

"அதென்ன அக்கா?"

"இந்த வெள்ளைதான். தண்ணியில கண்ணுக்குத் தெரியாமச் சுண்ணாம்பு கரைஞ்சு இருக்கும். சூடாகேக்க அது பிரிஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளும். கேத்திலில படிஞ்சாலும் லைம்ஸ்கேல், குழாயில படிஞ்சாலும் லைம்ஸ்கேல், உடுப்புத் தோய்க்கிற மெசினிலயும் அதுதான். அதைக் கழட்டுறதுக்கும் ஒரு சொல் இருக்கு, டிஸ்கேல். தேசிக்காய்ப் புளி இருக்கே? விடுங்கோ, நான் செய்து தாறன்."

எலுமிச்சையைப் பிழிந்து விட்டுக் கொதிக்க வைத்தார். பொங்கி நுரைத்தது. ஊற்றிக் கழுவினால் கேத்தில் புதிது போல மின்னியது. ஒரு காய்ந்த தேசிக்காய். எவ்வளவு நல்ல சொல்! அந்தச் சொல்லில் ஆளே இல்லை. தண்ணீர் இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. யாரும் எதையும் போடவில்லை. எங்கள் அம்மாவிடம் இருந்தது "போட்டிருக்காங்க" என்ற சொல் மட்டும்தான். அதில் கட்டாயம் ஒரு ஆள் வேண்டும்.

தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் பழைய கதை முழுவதையும் சொன்னேன். கோழியை, பூசாரியை, நெருப்புப் பெட்டியை. அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "எங்கட அம்மா மருந்து போட்டவாவோ! பாவம் மனுசி!" என்று தொடையில் தட்டினார். நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாகக் கடைசிக் கதையையும் சொன்னேன்.

"நாங்கள் இவ்வளவு சந்தேகப்பட்டும் நீங்கள் என்ன செய்தனீங்கள்? நான் அள்ளின அடுத்த நாளே தம்பிக்காகக் கிணத்தையே இறைச்சனீங்கள். அப்பா சாகுமட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அக்கா."

அவருடைய சிரிப்பு நின்றது. கோப்பையைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். நான் அவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சின்ன வயதில் அவருடைய அம்மாவின் கையைப் பார்த்தது போல, கண் இமைக்காமல்.

"நான் அள்ளின அடுத்த நாள்," என்றேன் மறுபடியும். இந்தத் தடவை எனக்கே சொன்னேன்.

தம்பிக்கு வருத்தம் வந்தது வாய்க்கால் தண்ணீரால். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நானே என் வாயால் சொன்னேன். பிறகு ஏன் கிணற்றை இறைத்தார்கள்? கிணற்றுக்கு என்ன பிழை வந்தது? நான் வந்தேன். என் கை வந்தது. வாளியை அவர் அலசி வீசியது மருந்தையல்ல. எங்கள் குடத்தின் மூச்சுப் பட்டிருக்குமோ என்று அலசினார். நாங்கள் அவர்களின் கையில் இல்லாத ஒன்றைத் தண்ணீரில் கண்டோம். அவர்கள் எங்கள் கையில் இல்லாத ஒன்றைத் தண்ணீரில் கண்டார்கள். சந்தேகப்படுவதில் நான் அம்மாவின் மகள். சந்தேகப்பட வேண்டிய இந்த ஒன்றை மட்டும் ஐம்பது வருடமாக நன்றியோடு கும்பிட்டிருக்கிறேன்.

"அம்மா வேண்டாமெண்டுதான் சொன்னவா," என்றார் அவர் மெதுவாக. "எங்கட அப்பாதான் பிடிவாதமா நிண்டவர்."

இருக்கலாம். தம்பியைப் பறித்து மடியில் வைத்தது அந்த அம்மாதான், அந்த மடியை நான் மறக்கமாட்டேன். ஆனால் செத்துப்போன ஐயாவின் தலையில் போட்டுவிடுவது சுலபம். அதையும் நான் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றேன். என் வீட்டுக் கோப்பையில், என் கையால் ஊற்றியது. அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். விருப்பத்தோடு குடித்தாரா, நான் பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தாரா என்று தெரியவில்லை. போகும்போது என் கையைப் பிடித்தார். நான் பிடிக்கவிட்டேன். கோபம் அவர் படலையைத் தாண்டிய பிறகுதான் வந்தது. அவர்மேல் அல்ல, அந்த வாய்க்காலை நினைத்து. எங்கள் கை பட்ட தண்ணீர் வெளியே ஓட எங்கள் அப்பா வழி வெட்டிக் கொடுத்திருக்கிறார். கண்ணீரோடு. கூலி இல்லாமல்.

அன்று பின்னேரம் தம்பி பரந்தனிலிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, அவுங்க வந்தாங்களாமே? கெணறு எறைச்சதச் சொல்லி நன்றி சொன்னியா?"

"சொன்னேன்டா."

"நெனவிருக்கா அவுங்களுக்கு?"

"இருக்கு. நல்லா நெனவிருக்கு."

"அப்பா வாய்க்கா வெட்டுனதச் சொன்னியா?"

கழுவிக் கவிழ்த்திருந்த கேத்தில் மேசையில் மின்னிக்கொண்டிருந்தது.

"சொன்னேன்," என்றேன். "நேரா வெட்டுனாருன்னு சொன்னேன்."